வாத்தியாரின் மானமும் கபிலனின் தலையும்

பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) நம்முடைய படம். அதில் சந்தேகம் இல்லை. எழுபதுகளின் வடசென்னையில், துறைமுகத்தில் கூலிவேலை பார்க்கிற ஒருவன் கையுறை மாட்டிக்கொண்டு மேடையேறுகிறான். அவன் ஏறக் கூடாது என்று நினைக்கிறவர்கள் சொந்தப் பரம்பரைக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களையும் தாண்டி நிமிர்கிறான். தமிழ்ச் சினிமா இத்தனை காலமாக நம் உடம்பை அடிவாங்குகிற உடம்பாகத்தான் காட்டிவந்தது. இந்தப் பிரதி திருப்பி அடிக்கிற உடம்பைக் காட்டியது. அதனால்தான் இதைக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அடுத்தவன் படமென்றால் விட்டுத் தொலைக்கலாம்.

என் கேள்வி சின்னது. மேடையில் விழுகிற அடிக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

படத்தில் கணக்குத் தெரிந்த ஆள் ஒருத்திதான், கபிலனின் அம்மா பாக்கியம். குத்துச்சண்டை என்ற பேச்சை எடுத்தாலே மகனை வெளுத்து வாங்குகிறாள். புருஷன் குத்துச்சண்டைக்காரன், பிறகு ரவுடியாகிக் கொலையுண்டவன். அந்தக் கை கடைசியில் யாருக்குப் பயன்பட்டது, வீட்டுக்கு என்ன மிஞ்சியது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பிற்பகுதியில் அவளே மகனை மறுபடி சண்டைக்குத் தயாராகச் சொல்கிறாள். அவளுடைய பயம் நியாயமா, இல்லையா என்று படம் விவாதிக்கவில்லை. சமாதானப்படுத்தி ஆசி வாங்கிக்கொள்கிறது. தாயின் எதிர்ப்பு, வீரனின் பாதையில் இன்னொரு தடை என்று ஆகிவிடுகிறது. குடித்துத் தொந்தி விழுந்த உடம்பு ஒரு பாட்டு நேரத்துக்குள் இரும்பாகிறது. மேடையில் ரத்தம் உண்டு. மறுநாள் காலைத் தலைவலி மீது படத்துக்கு அக்கறை இல்லை.

அந்தத் தலைவலிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மண்டையோட்டுக்குள் மூளை ஆடி மோதுவதால் வருகிற சிதைவைக் குத்துச்சண்டைக்காரர்களிடம் கண்டு அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே எழுதினார். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியோடு மோதிய தென்கொரிய வீரர் டுக் கூ கிம், 14-ஆவது சுற்றில் விழுந்து சில நாளில் இறந்தார். அதன் பிறகுதான் உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பட்டத்துக்கான 15 சுற்றை 12 ஆகக் குறைத்தது. 2022 ஜூலையில் பெங்களூருவில் கிக்பாக்சிங் போட்டியில் விழுந்த மைசூர் இளைஞன் ஒருவன் செத்துப்போனான், வயது 23. போட்டி நடந்த இடத்தில் மருத்துவ ஏற்பாடே இல்லை என்று குடும்பத்தார் குற்றம்சாட்டினார்கள். அடுத்த மாதமே சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தேசியப் போட்டியில் தலையில் அடிபட்ட 24 வயது அருணாச்சலப் பிரதேச வீரர் இரண்டு நாள் கழித்து அரசு மருத்துவமனையில் இறந்தார். இவையெல்லாம் போட்டியில் நடந்தவை என்பதால் செய்தியாயின. பயிற்சியில் விழுகிற அடி செய்தியாவதில்லை. 'கத்துக்கிறப்ப அடிபடத்தாஞ் செய்யும்' என்ற ஒரே வரியில் முடிந்துபோகிறது.

பயிற்சியில் நடந்த சாவு ஒன்று செய்தியானது, அதுவும் நம் ஊரில். 2018 ஜூலை 12 அன்று, தொண்டாமுத்தூர் பக்கம் நரசீபுரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பேரிடர் மேலாண்மைப் பயிற்சி. இரண்டாவது மாடியிலிருந்து கீழே விரித்துப் பிடித்த வலையில் குதிக்க வேண்டும். 19 வயது மாணவி தயங்கினாள். பயிற்சியாளர் தள்ளினார். கீழ்மாடியின் சன்ஷேடில் தலை மோதி இறந்தாள். அவர் எங்கள் பயிற்சியாளரே இல்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிறகு சொன்னது. அது தற்காப்புக் கலை வகுப்பல்ல. ஆனாலும் அங்கே செயல்பட்ட அதிகாரம் எல்லாப் பயிற்சிக் களத்திலும் இருப்பதுதான். கற்றுக்கொடுக்கிறவன் சொன்னால் கேட்க வேண்டும்; தயங்கினால் கோழை. 'எனக்கு முடியாதுங்' என்று சொல்ல மாணவிக்கு அங்கே இடமில்லை.

ரங்கன் வாத்தியாரை இந்த வெளிச்சத்தில் வாசித்துப் பாருங்கள். பசுபதி அருமையாக நடித்திருக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரம்பரையின் எதிர்காலத்தையே ஒரு சண்டையில் பந்தயம் வைக்கிறவர் அவர். அதற்குத் தலையைக் கொடுக்கிறவன் சிஷ்யன். வாத்தியாரின் கண்ணில் ஒரு மெச்சுதல் தெரிந்தால் போதும் என்று கபிலன் ஏங்குகிறான். படமும் அவனோடு சேர்ந்து ஏங்குகிறது. காலங்காலமாகக் கும்பிடச் சொல்லிக் கொடுக்கப்பட்ட நாம், ஆண்டையை விட்டு ஆசானைக் கும்பிடுவதா விடுதலை?

எங்கள் பக்கத்துக் காலனிகளில் ஞாயிற்றுக்கிழமை சிலம்ப வகுப்பு நடக்கிறது. அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்த பிறகு பிள்ளைகள் கூட்டம் அதிகம். நல்லது. நம் பையன் கையில் கம்பு இருந்தாலே கலவரம் என்று பேசிய ஊர்களில் நம் பெண்பிள்ளைகள் கம்பு சுற்றுகிறார்கள். ஆனால் அங்கே தலைக்கவசம் எத்தனை? விசைத்தறிக்குப் போகிற ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "சுத்தறது பாக்க நல்லாத்தான் இருக்குது கண்ணு. மணிக்கட்டு போச்சுன்னா தறிக்கு ஆரு போறது? ஆசுபத்திரிக்கு ஆரு கூட்டிக்கிட்டுப் போறது?" பாக்கியத்தின் கேள்விதான் இது. வசதிக்காரப் பிள்ளைக்குக் கை ஒடிந்தால் பரீட்சைக்கு வேறு ஆள் எழுதுவார். நம் பிள்ளைக்கு ஒடிந்தால் வாரக் கூலி போகும், உலை கொதிக்காது.

அதனால் கம்பைக் கீழே போடச் சொல்லவில்லை. 1920களில் அம்பேத்கர் சமதா சைனிக் தளத்தைக் கட்டினார். கூட்டத்துக்கு வருகிற நம் மக்களைக் காக்க ஒழுங்குபட்ட உடம்புகள் தேவை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. காப்பதற்கான பயிற்சி என்றால் முதலில் காக்க வேண்டியது பயில்கிற பிள்ளையை. தலையில் அடிபட்டவனை அன்றைக்கே மறுபடி இறக்கக் கூடாது. முதல் அடி ஆறும் முன் விழுகிற இரண்டாவது அடி உயிரையே எடுக்கலாம். வாந்தி, இரட்டைப் பார்வை, விடாத தூக்கம் என்றால் 'தண்ணி தெளிச்சா சரியாயிரும்' என்று உட்காராமல் ஜி.ஹெச்.சுக்குத் தூக்க வேண்டும். 'போதும்' என்று பிள்ளை சொன்னால் நிறுத்த வேண்டும். இதெல்லாம் கோழைத்தனம் என்கிற ஆசான் நமக்கு வேண்டாம்.

பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்ததிலிருந்து நம் எழுத்தின் பலம் எது? காயத்தைக் காயம் என்று சொன்னது. வலியை மறைத்துக்கொண்டு நிற்பதுதான் வீரம் என்கிற சொல்லாடல் நம்முடையதல்ல. அது போர்க்களத்துக்கு ஆள் பிடித்தவர்கள் கட்டியது. மார்பில் பட்ட புண்ணைப் பாடிவிட்டு, புண்பட்டவன் வீட்டு அடுப்பைப் பாடாமல் விட்டது. நம் கலைஞர்கள் அதைச் சுமக்க வேண்டியதில்லை. அடுத்த படத்தில் கபிலன் ஜெயிக்கட்டும், தாராளமாக ஜெயிக்கட்டும். ஆனால் பாக்கியம் கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்லட்டும்.