அகமணத்தின் தடம்: டேவிட் ரைக்கின் இந்திய இயலும் அதன் தமிழ் வாசிப்பும்

திறவுச்சொற்கள்: மரபணுவியல், மக்கள்தொகுதி, அகமணம், நிறுவனர் விளைவு, அம்பேத்கர்

முன்னுரை

டேவிட் ரைக் 2018இல் வெளியிட்ட ‘ஹூ வி ஆர் அண்ட் ஹவ் வி காட் ஹியர்’ என்னும் நூலின் ஆறாம் இயல் இந்தியாவைப் பற்றியது. தமிழில் நிகழும் உரையாடல்களில் அவ்வியல் கூறும் இடப்பெயர்வுச் செய்திகளே திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகின்றன. முதலில் வந்தவர் யார், பின்னர் வந்தவர் யார் என்னும் வினாவுக்கு அவை விடை தருவதாகக் கொள்ளப்படுவதே இதற்குக் காரணம். அதே இயல் நோயைப் பற்றியும் பேசுகிறது. அது பெரிதும் வாசிக்கப்படாமல் போயிற்று. முன்னது கூறும் வரலாற்றின் விளைவே பின்னது கூறும் நோய் என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கிறது.

பெயரும் பெயர்ப்பும்

25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்து 2009இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த கட்டுரை, இந்தியரின் மரபுவழியை ‘வட இந்திய மூதாதையர்’, ‘தென்னிந்திய மூதாதையர்’ என்னும் இரு கூறுகளின் கலப்பாக விளக்கியது. இப்பெயர்கள் தரவிலிருந்து தாமாக எழுந்தவை அல்ல. 2008இல் ஐதராபாத்தில் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோருடன் நிகழ்ந்த கடுமையான விவாதத்தின் முடிவில் எட்டப்பட்ட உடன்பாடு அவை என்பதை ரைக்கே பதிவுசெய்கிறார். மேற்கு யூரேசியத் தொடர்பை வெளிப்படையாகச் சுட்டிய முந்தைய சொல்லாட்சி இந்திய ஆய்வாளர்களுக்கு உடன்பாடாக இல்லை.

உடன்பாட்டில் பிறந்த இப்பெயர்களை ‘ஆரியர்’, ‘திராவிடர்’ எனத் தமிழில் பெயர்த்துக்கொள்வது இரட்டைப் பிழை. மொழிக்குடும்பப் பெயர் மரபணுக் கூறின் பெயராகிவிடுகிறது என்பது ஒன்று. தென்னிந்திய மூதாதையரும் கலப்பிலிருந்து உருவானவர்களே என்பது மறைக்கப்படுகிறது என்பது மற்றொன்று. 523 தொல்மாந்தரின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த கட்டுரை, அக்கூறினுள் ஈரானிய வேளாண் மக்களோடு உறவுடைய மரபுவழியும் தெற்காசியாவின் பழைய வேட்டுவ மக்களின் மரபுவழியும் கலந்திருப்பதைக் காட்டிற்று. மரபணுவியலார் ‘மக்கள்தொகுதி’ என்னும் பொருளில் ஆளும் கலைச்சொல்லைத் தமிழ்க் கட்டுரைகள் ‘இனம்’ என்று எழுதும்போதே கலப்பற்ற தூய்மை என்னும் எண்ணம் வாசகர் மனத்தில் புகுந்துவிடுகிறது.

கலப்பு நின்ற காலம்

73 குழுக்களை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டுக் கட்டுரையே இவ்விவாதத்தின் மையமாக இருந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் முன் இடைப்பட்ட காலத்தில் இந்தியாவில் கலப்பு பரவலாக நிகழ்ந்தது என்றும், பின்னர் நெருங்கிய குழுக்களுக்கிடையிலும் அது அரிதாயிற்று என்றும் அக்கட்டுரை முடிவுசெய்கிறது. உயர்சாதி, தாழ்த்தப்பட்ட சாதி, பழங்குடி என்ற வேறுபாடின்றி ஏறக்குறைய எல்லாக் குழுக்களிலும் அக்கலப்பின் தடம் உள்ளது. பல மரபினர் ஒன்றாகக் கலந்து நெடுங்காலம் கழிந்த பின்னரே சாதி தோன்றியது என்று அம்பேத்கர் 1936இல் வாதிட்டதும், அகமணமே சாதியின் சாரம் என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நிறுவ முயன்றதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கவை. மண்டையோட்டு அளவைகளை நம்பிய இனவியல் கோலோச்சிய காலத்தில் அவர் அவ்வாறு எழுதினார்.

1,900 என்னும் எண்ணைக் கண்டதும் அதனைச் சங்க காலத்தோடு பொருத்திப் பார்க்கும் ஆவல் தமிழாய்வாளருக்கு எழுவது இயல்பே. அது தவிர்க்கப்பட வேண்டும். தலைமுறைக்கு 29 ஆண்டு எனக் கொண்டு கணிக்கப்பட்ட சராசரி அது. ஒரு சமூக விதி நடைமுறைக்கு வந்த ஆண்டன்று. தொல்காப்பியத்தின் கரணத்தையோ அகப்பாடல்களின் களவையோ இவ்வெண்ணுக்குச் சான்றாக்குவதும், இவ்வெண்ணை அவற்றுக்குச் சான்றாக்குவதும் ஒன்றையொன்று தாங்கும் வட்டவாதமாகவே முடியும்.

நோயின் வரலாறு

சிலரிலிருந்து பெருகிய குழு தன்னுள்ளேயே மணந்துவந்தால், அம்மூதாதையரில் ஒருவரிடம் இருந்த அரிய மரபணுப் பிழை வழித்தோன்றல்கள் பலரிடம் பரவுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அப்பிழையைப் பெறும் குழந்தைக்கு நோய் வெளிப்படுகிறது. நிறுவனர் விளைவு எனப்படுவது இதுவே. 2017இல் ‘நேச்சர் ஜெனிட்டிக்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு, தெற்காசியக் குழுக்களுள் 81இல் இவ்விளைவு பின்லாந்தினர், அஷ்கெனாசி யூதர் ஆகியோரிடம் காணப்படுவதைவிட வலுவானது என்று கண்டது. அவற்றுள் 14 குழுக்கள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டவை.

தமிழ்நாட்டில் மரபுநோய் பற்றிய பொதுப்பேச்சு, மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்னும் உறவுமுறைத் திருமணங்களோடு நின்றுவிடுகிறது. சொந்தத்தில் மணக்காவிடில் ஆபத்தில்லை என்பது அதன் உட்பொருள். நிறுவனர் விளைவு வலுவாக உள்ள சாதியில் உறவே அறியாத இருவர் மணந்தாலும் அவர்கள் ஒரே பிழையைச் சுமந்திருக்கும் வாய்ப்பு மிகுதி. உறவுத் திருமணத்தைக் கண்டித்து அகமணத்தைத் தொடாமல் விடும் அறிவுரை பாதி உண்மையையே சொல்கிறது. எல்லா நோய்க்கூறுகளும் இவ்வகையின அல்ல என்பதும் உண்மை. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 கார இணைகள் விடுபட்ட மாற்றம், இந்தியரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் சாதி எல்லை கடந்து காணப்படுவதாக 2009இல் அறிவிக்கப்பட்டது.

தீர்வைப் பேசும் இடத்தில் ரைக் தடுமாறுகிறார். அஷ்கெனாசி யூதரிடையே ‘டோர் யெஷோரிம்’ அமைப்பு நடத்தும் திருமணத்துக்கு முந்தைய சோதனையை அவர் இந்தியாவுக்கும் பரிந்துரைக்கிறார். நோயுற்ற பிறப்பை அது குறைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சாதகத்தோடு மரபணு அறிக்கையையும் பொருத்திப் பார்க்கும் சாதித் திருமணம் சாதித் திருமணமாகவே நீடிக்கும். நோயை விளைத்த ஏற்பாடு மருத்துவத்தின் துணையோடு பாதுகாப்புப் பெறும்.

வைசியச் சமூகம் பற்றிய அவருடைய எடுத்துக்காட்டும் இங்கே கருதத்தக்கது. அறுவை மருத்துவத்தில் தரப்படும் ஒரு தசைத் தளர்த்தி மருந்தைச் சிதைக்கும் நொதி அச்சமூகத்தில் சிலருக்குக் குறைவாக இருப்பதால், மருந்தின் செயல் நீண்டு மூச்சுவிட இயலாத நிலை ஏற்படுகிறது. ஆகவே மயக்க மருத்துவர்கள் நோயாளியின் சாதியைக் கேட்டறிகின்றனர். அவ்வினா சிலரைக் காத்திருக்கும். அக்குறைபாடுள்ள பிற சமூகத்தவரை அது காக்காது. குருதியில் அந்நொதியின் அளவை அறியும் சோதனைக்கோ சாதிப்பெயர் தேவைப்படுவதில்லை.