நான்கு தந்தியில் கீரவாணி

வடவள்ளியில் எங்கள் தெருவில் ஒரு சிறுமி இருக்கிறாள், ஏழாம் வகுப்பு. காலையில் பாட்டு, மாலையில் உகுலேலே. ஒருநாள் கீரவாணியில் அமைந்த ஒரு பாட்டை வாசித்துக்கொண்டே பாடியவள் சட்டென்று நிறுத்தினாள். "அம்மிச்சி, இந்த இடத்துல கார்டு ஒட்டவே மாட்டேங்குதுங்க." அம்மிச்சிக்கு உகுலேலே தெரியாது, பாட்டு தெரியும். "நீ பாடுற நிஷாதம் வேற, அது வாசிக்கிற நிஷாதம் வேற கண்ணு" என்றார்.

அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. பிள்ளை பாடுவது ஆறு கட்டையில், அதாவது ஏ சுரம்தான் ஷட்ஜம். வகுப்பில் கொடுத்த தாளில் ஏ மைனர், டி மைனர், ஈ செவன், நடுவில் சி மேஜர். அந்த சி மேஜருக்குள் ஜி இருக்கிறது. அது கைசிகி நிஷாதம், நடபைரவியின் சொத்து. கீரவாணிக்கு வேண்டியது காகலி நிஷாதம், ஜி ஷார்ப். குரல் ஒன்றைப் பாட, தந்தி அதற்கு அரைச் சுரம் கீழே இன்னொன்றைச் சொல்கிறது. காது எப்படி ஒப்பும்?

கீரவாணியின் காந்தாரத்தில் நின்று ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் க-ப-நி, அதாவது சி, ஈ, ஜி ஷார்ப். இதுதான் ஆக்மென்டட் கார்டு. இது வெளியிலிருந்து வந்து ஒட்டிய சரக்கல்ல, ராகத்தின் வயிற்றிலேயே இருப்பது. அந்தக் காந்தாரத்தையே ஷட்ஜமாக வைத்து ஏழு சுரத்தையும் வாசித்தால், பஞ்சமம் அரைச் சுரம் ஏறிய சங்கராபரணம் கிடைக்கும். மேற்கத்தியர் இதை ஆக்மென்டட் மேஜர் ஸ்கேல் என்பார்கள். நம் 72 மேளத்தில் இதற்கு இடமில்லை, ஏனென்றால் நம்மிடம் பஞ்சமம் அசையாது. கீரவாணியில் இப்படி ஷட்ஜத்தை இடம் மாற்றிக் கிரகபேதம் செய்தால் மத்திமத்தில் ஹேமவதி, பஞ்சமத்தில் வகுளாபரணம், தைவதத்தில் கோசலம் என்று மேளங்கள் பிறக்கும். காந்தாரத்தில் மேளம் பிறக்காது. நம் இலக்கணம் கதவைச் சாத்திய இடத்தில் உகுலேலே ஒரு விரலால் நுழைந்துவிடுகிறது. நான்கு தந்திக்கும் ஃப்ரெட் எண்ணாகச் சொன்னால் சி மேஜருக்கு 0003, ஆக்மென்டடுக்கு 1003. ஜி தந்தியில் முதல் ஃப்ரெட்டில் இன்னொரு விரல், அவ்வளவுதான்.

அங்கிருந்து ஏ மைனருக்கு, 2000-க்கு, வாருங்கள். சி-யும் ஈ-யும் திறந்த தந்திகளில் அப்படியே ஒலித்துக்கொண்டிருக்க, ஜி தந்தியில் விரல் முதல் ஃப்ரெட்டிலிருந்து இரண்டாவதுக்கு நகர்கிறது. நிஷாதம் ஷட்ஜத்தில் போய் அமர்கிறது. விரலை எடுக்காமல் வழுக்கினால் ஜாருபோலவே கேட்கும். ராகப் பாட்டுக்கு உகுலேலே கார்டு போடும் பழக்கத்துக்காக நான் வாதாடுவேன் என்றால் இந்த ஓர் அசைவுக்காகத்தான். ராகத்தின் ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்று குழந்தையின் விரலுக்கே தெரிந்துவிடுகிறது.

ஆனால் குறைகளும் சின்னவை அல்ல. ஆக்மென்டட் கார்டின் மூன்று சுரங்களும் ஒரு ஸ்தாயியைச் சம பங்காகப் பிரித்து நாலு நாலு அரைச் சுர இடைவெளியில் நிற்பவை. நாலு ஃப்ரெட் மேலே ஏற்றினாலும் அதே மூன்று சுரம்தான். எது ஆதாரம் என்று அதற்கே தெரியாது. மொத்தமாகவே இப்படி நாலு கார்டுகள்தான் உண்டு. ஆதார ஷட்ஜத்தை விட்டுப் பிரியாத நம் சங்கீதத்தில் இதில் அதிக நேரம் நின்றால் பாடுபவருக்குச் சுருதி ஆடும். உகுலேலேயில் ஆபத்து இன்னும் அதிகம். ஜி தந்தியே மேல்சுருதியில் கட்டப்பட்டது, மந்திரத்தில் தாங்கிப்பிடிக்க ஒன்றுமில்லை.

அடுத்தது கமகம். கார்டு என்பது நின்ற சுரம். கீரவாணி ஓரளவு தாங்கும், தோடி தாங்காது. தோடியின் காந்தாரத்தை ஒரு ஃப்ரெட்டில் அடைத்துவிட்டு அதைத் தோடி என்று சொல்லிக் கொடுப்பது தவறு. சிலப்பதிகார உரை மரபு, நின்ற நரம்புக்கு மூன்றாவதையும் ஆறாவதையும் பகை என்று வகுத்தது. மேற்கின் கார்டோ மூன்றாவதின்மேல் மூன்றாவதை அடுக்கித்தான் கட்டப்படுகிறது. இரண்டு அழகியலும் இவ்வளவு தள்ளி நிற்பவை என்பதைச் சொல்லாமல் பாடம் நடத்தக் கூடாது.

இணைக்கவே முடியாது என்பதும் இல்லை. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எஸ்.எம். சுப்பையா நாயுடுவிடம் தொழில் பழகிய எம்.எஸ். விஸ்வநாதன் இணைத்துக் காட்டினார். 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' தந்த இளையராஜா அதை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனார். அவர்கள் மெட்டின் ராகத்தைக் கேட்டுக் கார்டு போட்டார்கள். இன்றைய தாள்கள் ஏ மைனர் என்று பார்த்ததும் வழக்கமான நாலு கார்டை அச்சடித்துவிடுகின்றன.

கோவையில் உகுலேலே கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். கீரவாணிப் பாட்டுக்குத் தாள் எழுதும்போது அந்த சி-க்குப் பக்கத்தில் ஆக்மென்டடைக் காட்டும் ஒரு கூட்டல் குறி போடுங்கள். ஆலாபனை வரும் இடத்தில் தந்தியைத் தொடாமல் பிள்ளையைப் பாடவிடுங்கள். வகுப்பு முடியும்வரை சுருதிப் பெட்டியை அணைக்காதீர்கள்.