விளம்பரத் தமிழில் ‘ஆவது’: இணங்கவைக்கும் உளவியல் குறித்த ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

விளம்பர மொழியை ஆராயும் தமிழ் ஆய்வேடுகள் பல, தொடர்களில் உள்ள எதுகை, மோனை, உவமை ஆகியவற்றைத் தொகுத்து, அவற்றுக்கு மேலைநாட்டு உளவியல் கொள்கைகளின் பெயர்களைச் சூட்டுவதோடு நின்றுவிடுகின்றன. வாங்குவோரின் மனத்தை அசைக்கும் வேலையைத் தமிழில் பெரிதும் இடைச்சொற்களே செய்கின்றன என இக்கட்டுரை வாதிடுகிறது. ‘ஆவது’ என்னும் இடைச்சொல் அதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: விளம்பர மொழி, இடைச்சொல், இணங்கவைத்தல், ஏகாரம், நுகர்வோர் உளவியல்

முன்னுரை

விற்பனைக்காக எழுதுவோர் உளவியலின் துணையை நாடத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. வால்டர் டில் ஸ்காட் 1908இல் விளம்பர உளவியல் குறித்துத் தனிநூல் வெளியிட்டார். நடத்தையியலை நிறுவிய ஜான் பி. வாட்சன் பல்கலைக்கழகப் பணியை இழந்தபின் சென்று சேர்ந்த இடம் ஜே. வால்டர் தாம்சன் விளம்பர நிறுவனம். பின்னர் ராபர்ட் சியால்டினி, 1984இல் வெளிவந்த தம் நூலில், கைம்மாறு, சொன்னதில் உறுதி, பிறர் செய்கை, விருப்பம், அதிகாரம், கிடைத்தற்கருமை என்னும் ஆறு கொள்கைகளை வகுத்தளித்தார். இன்றைய எழுத்துப் பயிற்சிக் கையேடுகள் பலவும் இந்த ஆறையே வேறு வேறு பெயர்களில் விற்கின்றன.

நம் ஆய்வேடுகளின் சிக்கல் இவற்றை ஏற்பதில் இல்லை; ஏற்கும் முறையில் இருக்கிறது. ஒரு நகைக்கடை விளம்பரத்தில் மோனை பயின்றுள்ளது என்று ஒரு தொடர் கூறும். அவ்விளம்பரம் மாஸ்லோ குறிப்பிட்ட பாதுகாப்புத் தேவையைத் தூண்டுகிறது என்று அடுத்த தொடர் கூறும். மோனை எவ்வாறு பாதுகாப்புணர்வைத் தூண்டிற்று என்ற கேள்வி இரண்டுக்கும் நடுவே கேட்பாரற்றுக் கிடக்கும். இந்த இடைவெளியை நிரப்பாதவரை, இலக்கணமும் உளவியலும் ஒரே பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றன என்பதற்குமேல் எதுவும் சொல்லப்பட்டதாகாது.

ஒரு காசும் ஒரு கிராமும்

சியால்டினியும் டேவிட் ஷ்ரோடரும் 1976இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்குக் கருதத்தக்கது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்காக வீடுவீடாகச் சென்று நன்கொடை கேட்டபோது, வழக்கமான வேண்டுகோளுக்கு இணங்கியோர் 28.6 விழுக்காட்டினர். ஒரு சென்ட் கொடுத்தாலும் அது உதவியாகும் என்ற பொருளில் ஒரே ஒரு தொடரைச் சேர்த்தபோது அது 50 விழுக்காடாக உயர்ந்தது. கொடுத்தவர்கள் ஒரு சென்ட்டோடு நின்றுவிடவில்லை. அவர்கள் அளித்த தொகை குறையவுமில்லை. ‘அவ்வளவு கொடுக்க வசதியில்லை’ என்று மறுப்பதற்குரிய காரணத்தை அந்தத் தொடர் பறித்துவிட்டது என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

இதனைத் தமிழில் சொல்ல இரு வழிகள் உள்ளன. ‘ஒரு ரூபாய் கொடுத்தாலும் போதும்’ என்பது ஒன்று. ‘ஒரு ரூபாயாவது கொடுங்கள்’ என்பது மற்றொன்று. மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளக்கூடும். பேசுவோர் கொள்ளமாட்டார். முன்னது அனுமதி தருகிறது. கேட்பவரின் சுமையைக் குறைக்கிறது. பின்னது கீழெல்லை ஒன்றை வகுக்கிறது. இதைவிடக் கூடுதலாகச் செய்வதே முறை, அது இயலாவிடில் இந்த அளவேனும் செய்க, இதையும் செய்யாதிருப்பது தகாது என்னும் மூன்று கருத்துகளை ஒரே இடைச்சொல் சுமந்து நிற்கிறது. அவற்றுள் ஒன்றும் வெளிப்படச் சொல்லப்படவில்லை. சொல்லப்படாததனால் மறுக்கவும் இயலாது.

(‘முதலாவது’ என எண்முறை காட்டும் ஆவதும், ‘அவனாவது இவனாவது’ என விகற்பம் காட்டும் ஆவதும் இங்குக் கருதப்படவில்லை.)

இந்த ‘ஆவது’ யாருடைய குரல் என்று கேட்டுப் பார்த்தால் அதன் வலிமை விளங்கும். ‘ஒரு வாயாவது சாப்பிட்டுவிட்டுப் போ’ என்பாள் தாய். ‘ஒரு வாய் காப்பியாவது குடித்துவிட்டுப் போங்கள்’ என்பார் வந்தவரை வழியனுப்பும் வீட்டுக்காரர். ‘ஒரு போனாவது பண்ணக் கூடாதா?’ என்று வருந்துவார் அத்தை. உபசரிப்பும் கடிந்துரையும் கலந்த இந்தக் குரலை உரிமையுள்ள உறவினரே எடுக்க முடியும். முன்பின் அறியாதவர் நம்மிடம் ‘ஒரு வாயாவது’ என்று தொடங்கினால் முகம் சுளிப்போம். அந்த உரிமையைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது விளம்பரம்.

அட்சய திருதியையையொட்டி வரும் நகை விளம்பரங்கள் இதற்குத் தெளிவான சான்று. ‘அன்று ஒரு குண்டுமணித் தங்கமாவது வாங்க வேண்டும்’ என்பது இன்று பலர் வாயிலும் வழங்கும் தொடர். எந்தக் கடையும் அதைத் தன் முழக்கமாக உரிமை கொண்டாடத் தேவையில்லை. வீட்டுப் பெரியவர்களே அதைச் சொல்லிவிடுகிறார்கள். அட்சயம் என்றால் குறையாதது. அந்நாளைக் கொடைக்குரிய நாளாகவே மரபு போற்றியது. கொடுக்கும் நாள் வாங்கும் நாளாக மாறியதில் விளம்பரங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அமெரிக்கச் சோதனையிலோ அந்தத் தொடர் கொடைக்காகவே பயன்பட்டது. ஒரே உத்தி, எதிரெதிர்த் திசைகள்.

எனினும் இரண்டையும் முற்றும் ஒப்பிடுவது பிழை. வாசலில் நின்றவர் எதிர்கொண்டது ஓர் அயலாரின் நேர்முக வேண்டுகோள். நகை விளம்பரத்தைப் படிப்பவரை எதிர்கொள்வது ஏற்கனவே வீட்டுக்குள் புகுந்துவிட்ட வழக்கம். ஆகவே ‘சிறுதொகை உத்தி’ என்று பெயரிட்டு நகர்ந்துவிடுவது, மேலே குறைகூறப்பட்ட ஆய்வேடுகளின் வழியிலேயே செல்வதாகும். மறுப்புக்கான காரணத்தைப் பறித்தல் என்ற விளக்கம் ‘ஆலும் போதும்’ என்ற வடிவத்துக்குப் பொருந்துகிறது. ‘ஆவது’ அதற்கு மேலும் செல்கிறது, மறுப்பவரைக் குறைவுபட்டவராக்குகிறது.

ஏகாரமும் தன்மைப் பன்மையும்

தொல்காப்பிய இடையியல் ஏகாரத்துக்குக் கூறும் ஐந்து பொருள்களுள் பிரிநிலையும் தேற்றமும் விளம்பரத்தில் மிகுதியாகப் பயில்கின்றன. ‘இன்னும் 3 நாட்களே’, ‘முதலில் வரும் 100 பேருக்கே’ என்பன நாள்தோறும் கண்ணில் படுபவை. பத்து பிஸ்கட்டுகள் இருந்த சாடியிலிருந்து எடுத்ததைவிட, இரண்டே இருந்த சாடியிலிருந்து எடுத்ததை மக்கள் விரும்பத்தக்கதாக மதித்தனர் என வோர்ச்செலும் உடனாய்வாளர்களும் 1975இல் காட்டினர். அந்த ‘இரண்டே’ என்பதில் உள்ள ஏகாரம் தமிழில் ஆய்வின் முடிவையே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது! ‘மட்டும்’ என்ற சொல்லும் பிரிநிலைப் பொருள் தரும். ஆயினும் அதில் அறிவிப்பின் குளிர்ச்சி உண்டு, ஏகாரத்தில் பதற்றம் உண்டு.

தன்மைப் பன்மையில் தமிழுக்குள்ள வேறுபாடும் கருதத்தக்கது. விடுதி விருந்தினர் துண்டுகளை மீண்டும் பயன்படுத்தத் தூண்டும் அறிவிப்புகளை ஆராய்ந்த 2008ஆம் ஆண்டு ஆய்வில், சுற்றுச்சூழலை முன்னிறுத்திய அறிவிப்புக்கு இணங்கியோர் 35.1 விழுக்காட்டினர், பிற விருந்தினரும் அவ்வாறு செய்வதைக் கூறிய அறிவிப்புக்கு 44.1 விழுக்காட்டினர், இதே அறையில் தங்கியவர்கள் செய்ததைக் கூறியதற்கு 49.3 விழுக்காட்டினர். ‘நம்மைப் போன்றவர்’ நெருங்க நெருங்க இணக்கம் கூடுகிறது. ஆங்கிலத்தின் தன்மைப் பன்மைப் பெயர் ஒன்றேயாதலால் கேட்பவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பது மறைந்திருக்கும். தமிழ் ‘நாம்’, ‘நாங்கள்’ என்று பிரித்துவிடுகிறது. ‘நம்ம ஊரு’ என்று தொடங்கும் கடைப்பெயர், விற்பவரையும் வாங்குபவரையும் ஒரே திண்ணையில் உட்கார்த்திவிடுகிறது. பேச்சுவழக்கில் ‘வாங்க’ என்பது வரவேற்பாகவும் வாங்குதலாகவும் இருப்பதை விளம்பர எழுத்தாளர்கள் கவனிக்காமல் விட்டதில்லை.

சட்டத்தின் கண்ணும் இடைச்சொல்லும்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிகள், இணையத் தளங்களில் வாங்குவோரைத் திசைதிருப்பும் 13 வகை வடிவமைப்புகளைத் தடைசெய்கின்றன. பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும், மறுப்பவருக்கு வெட்கத்தையோ குற்றவுணர்வையோ ஊட்டுவதும் அவற்றுள் அடங்கும். ‘வேண்டாம், எனக்குச் சேமிப்பில் ஆர்வமில்லை’ என்றமைந்த மறுப்புப் பொத்தான் இந்நெறிக்குள் எளிதில் அகப்படும். அது ஆங்கிலத்தின் நேர்பெயர்ப்பு. ‘குழந்தைக்காக ஒரு பாலிசியாவது எடுத்தீர்களா?’ என்ற வினாவில் வெட்கமூட்டும் தொடர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சுட்டிக்காட்டத் தொடர் ஏதுமில்லை. இரண்டெழுத்து இடைச்சொல்லாகச் சுருங்காவிடினும் மூன்றெழுத்தில் அது முடிந்துவிடுகிறது. இதனை விளக்கிச் சொல்லும் கடமை இலக்கணம் பயின்றோருடையது. வழக்கறிஞரிடம் அதை எதிர்பார்க்க இயலாது.

சோதிக்கத்தக்க கருதுகோள்

மேற்கூறியவை மொழியுணர்வின் வழிப்பட்டவை. அவை ஆய்வாக நிலைபெறச் சோதனை வேண்டும். அதற்குப் பெரும்பொருட்செலவும் வேண்டியதில்லை. கல்லூரி ஒன்றின் நூலக நன்கொடைக்கோ குருதிக்கொடை முகாமுக்கோ விடுக்கும் வேண்டுகோளை மூன்று வடிவங்களில் எழுதலாம்: வெறும் ஏவல், ‘ஆலும் போதும்’, ‘ஆவது’. இணங்கியோர் தொகையை மட்டும் எண்ணாமல், இணங்கியபின் அவர்கள் எவ்வாறு உணர்ந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். ‘ஆவது’ கூடுதல் இணக்கத்தையும் கூடுதல் மனக்கசப்பையும் ஒருங்கே தரும் என்பது இக்கட்டுரையின் கணிப்பு. வேண்டுபவர் பேராசிரியராக இருக்கும்போது ஒருவகையாகவும், உடன்பயிலும் மாணவராக இருக்கும்போது வேறுவகையாகவும் முடிவு அமையக்கூடும். ஆதலின் மூன்று வடிவங்களையும் இருவர் வாயிலாகவும் சோதித்தல் வேண்டும்.