நூறு என்று எழுதியிருக்கும் பத்துக் காசு

கடந்த தீபாவளி முடிந்த கையோடு எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. போக்கர் விளையாட இனிமேல் இரவல் சிப்ஸ் கேட்டு அலையக்கூடாது, சொந்தமாக ஒரு செட் வாங்கிவிடுவது. "நீதான எல்லாத்துக்கும் நொட்டை சொல்ற ஆளு, நீயே பாத்து எடுத்துடு லா" என்று வேலையை என் தலையில் கட்டினார்கள். நாவலுக்கும் கவிதைக்கும் மதிப்புரை எழுதுகிறவன் பிளாஸ்டிக் வில்லைக்கு எழுதமாட்டானா என்ற கிண்டல் அதில் இருந்தது. எழுதிப் பார்த்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. அதுதான் இது.

நாங்கள் ஆறு பேர். இடம் பாகான் டாலாமில் நண்பனின் நான்காம் மாடி ஃபிளாட். சன்னலைத் திறந்தால் துறைமுகத்தின் பாரந்தூக்கி விளக்குகள் தெரியும். ஒருவன் லாரி ஓட்டுகிறான், ஒருத்தி தாதி, ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ஒருவன் மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். உட்கார ஆளுக்கு இருபது வெள்ளி. ஒவ்வொரு சுற்றிலும் இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை பத்துக் காசும் இருபது காசும். மாமாக் கடையில் இரண்டு பேர் வயிறார உண்டால் ஆகிற செலவுதான். இதற்குப் போய் விமர்சனமா என்றால், ஆமாம். சின்னத் தொகையில்தான் குறியீடு என்ன வேலை செய்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறது.

*

முதலில் பொருளைப் பார்ப்போம். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. ஏபிஎஸ் பிளாஸ்டிக், 'களிமண் கலவை' என்ற பெயரில் விற்பது, செராமிக். இரண்டாவதில் களிமண் எவ்வளவு என்று கேட்டால் கடைக்காரரே சிரிப்பார். அநேகமாக அதுவும் பிளாஸ்டிக்தான். விட்டம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய 39 மில்லிமீட்டர். வித்தியாசம் எடையில் இருக்கிறது. அலுமினியப் பெட்டியில் வரும் செட்டுகளில் '11.5 கிராம்', '13.5 கிராம்', '14 கிராம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எடை கூடக்கூட தரம் கூடும் என்பது விற்பனையாளரின் வாதம்.

இந்த எடை எங்கிருந்து வருகிறது? பிளாஸ்டிக் லேசானது. அதனால் வில்லையின் வயிற்றுக்குள் ஓர் உலோகத் தகட்டை வைத்து மூடிவிடுகிறார்கள். மேசையில் தட்டினால் 'டங்' என்று கேட்பது அந்தத் தகடு. வேடிக்கை என்னவென்றால் உண்மையான சூதாட்ட விடுதிகளில் புழங்கும் களிமண் வில்லைகள் பெரும்பாலும் எட்டிலிருந்து பத்து கிராம்தான். நகல் அசலைவிடக் கனமாக இருக்கிறது. அசலின் கனத்தை நம்பமுடியாத நகல்தான் இப்படி வயிற்றில் இரும்பைக் கட்டிக்கொள்ளும். கனமான சொற்களைத் தேடித்தேடிப் போட்டு எழுதப்படும் கவிதைகளை நாம் படித்ததில்லையா, அதே நோய்தான்.

இன்னொரு கணக்கும் போட்டேன். நம் நாட்டின் பத்துக் காசு நாணயம், 2012இல் வந்த மூன்றாம் வரிசையில், 2.98 கிராம். அந்தப் பத்துக் காசுக்குப் பதிலாக மேசையில் உட்காரும் வில்லை 11.5 கிராம். தான் குறிக்கும் பொருளைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கனம் கொண்ட குறி. பள்ளியில் ஆகுபெயர் படித்தோமே, ஒன்றின் பெயர் இன்னொன்றுக்கு ஆகிவருவது. இங்கே பெயர் மட்டும் ஆகிவரவில்லை, உடம்பையும் பெருக்கிக்கொண்டு வருகிறது.

தஸ்தயெவ்ஸ்கியின் 'சூதாடி'யை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். பதிப்பாளரின் கெடு கழுத்தை நெரிக்க 1866 அக்டோபரில் இருபத்தாறு நாட்களில் அன்னாவிடம் சொல்லி எழுதவைத்த நாவல். அதில் மேசைமேல் விழுவது நாணயமும் நோட்டும்தான். ஜெயித்தவன் பை தொங்கத்தொங்கத் தங்கத்தைச் சுமந்துகொண்டு நடக்கிறான். அந்தக் கனம் பணத்தின் சொந்தக் கனம். அவனுடைய பைத்தியம் முற்றுவதை நாம் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம். பிளாஸ்டிக்கை மாற்றிக்கொள்ள வரிசையில் நிற்கும் அலெக்ஸேயை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

*

எடையைக்கூட மன்னித்துவிடலாம். எண்ணைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நாங்கள் இரவல் வாங்கி ஆடிய செட்டில் 100, 500, 1000, 5000 என்று அச்சிட்டிருந்தது. நூறைப் பத்துக் காசு என்று வைத்துக்கொண்டோம். ஆயிரம் ஒரு வெள்ளி. ஆக, இருபது வெள்ளி கொடுத்து உட்கார்ந்தவன் முன்னால் இருபதாயிரம். எல்லோருக்கும் குஷி. "மூவாயிரம் வைக்கிறேன்", "எட்டாயிரம் ஏத்துறேன்" என்று பேசும்போது குரலே மாறிவிடும். உயர்வு நவிற்சி அணிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஒரு சனிக்கிழமை, சாப்பாடு கொண்டுபோகும் நண்பன் நான்கு முறை திரும்பத் திரும்பப் பணம் போட்டு உட்கார்ந்தான். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "ஒரு லட்சம் தோத்துட்டேன்டா மச்சான்!" என்று சிரித்தான். நாங்களும் சிரித்தோம். மறுநாள் மதியம் எனக்கு அழைத்தான். மோட்டாருக்கு எண்ணெய் போடப் பத்து வெள்ளி இருக்குமா என்று கேட்டான்.

அப்போதுதான் உறைத்தது. அவன் தோற்றது நூறு வெள்ளி. நான்கு நாள் எண்ணெய்க் காசு, வாடகைக்கு ஒதுக்கியதில் ஒரு துண்டு. 'லட்சம்' என்ற சொல் அந்த நூறைப் பெரிதாக்கியது போலத் தெரிந்தாலும் உண்மையில் நூறைக் காணாமலே அடித்துவிட்டது. லட்சம் எங்கள் யாருடைய வாழ்க்கையிலும் இல்லாத எண், அதைத் தோற்பது ஒரு நகைச்சுவை. நூறு அப்படியல்ல. மிகையாகச் சொல்வதும் மறைப்பதும் எதிரெதிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே வில்லையின் இரண்டு பக்கங்களும் அவைதான்.

*

எனக்கு இது புதிய பாடமாக இருந்திருக்கக்கூடாது. 1998இல் எனக்கு ஒன்பது வயது. அப்பா தினக்கூலிக்கு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். நம் ஊர் சாவு வீடுகளில் ராத்திரி முழுக்க விழித்திருக்க ஆண்கள் சீட்டாடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படி ஒரு சாவு வீட்டில் கூடாரத்துக்குக் கீழே அப்பாவும் மாமாக்களும் ஆடினார்கள். நடுவில் பணம் இல்லை. சாவு வீட்டில் பணத்தை விரித்து வைப்பது மரியாதையில்லை என்று நெருப்புக்குச்சியை வைத்து ஆடினார்கள். நான் அப்பா மடியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விடிவதற்குள் அவருடைய பெட்டி காலி.

காலையில் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் நான்தான் முதலில் சொன்னேன். "அப்பா தோத்துட்டாரும்மா. ஒரு பொட்டி நெருப்புக்குச்சிதான்." அம்மா தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தி அப்பாவைப் பார்த்துக் கேட்டார். "குச்சி ஒண்ணு எவ்வளவு?"

ரெண்டு வெள்ளி. நாற்பது குச்சி. எண்பது வெள்ளி.

அம்மா அந்த மாதம் கூட்டுக்கு நூறு வெள்ளி கட்ட வேண்டியிருந்தது. அன்று மத்தியானம் தோட்டை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குப் போனார். கூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மாதாமாதம் பெண்கள் போட்டு முறைவைத்து எடுக்கும் இந்தப் பணத்தை நம் நாடு 1971இல் ஒரு தனிச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம் சொல் இருக்கிறது. அதே 1971இல்தான் கெந்திங் மலையில் உரிமம் பெற்ற சூதாட்ட விடுதியோடு முதல் ஹோட்டல் திறந்தது. கூட்டில் ஏமாந்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அம்மாவின் கூட்டு நோட்டில் பத்துப் பெயர் இருந்தது, பெயருக்கு நேராகத் தொகை இருந்தது. எந்த வில்லையும் இல்லை, எந்தக் குச்சியும் இல்லை.

*

எங்கள் ஆசிரியர் நண்பர் இதற்கு ஒரு நல்ல எதிர்வாதம் வைத்தார். "அப்படீன்னா சில்லறையிலேயே ஆடலாமே? எதுக்கு செட்டு?" ஆடிப் பார்த்தோம். ஆறு பேருக்குத் தேவையான பத்துக் காசு யாரிடமும் இல்லை. நாணயங்கள் அடுக்கி நிற்கவில்லை, சரிந்து விழுந்தன. இருபது காசையும் ஐம்பது காசையும் மங்கலான விளக்கில் குழப்பிக்கொண்டோம், நிறம் ஒன்றுதான். எதிராளி எவ்வளவு வைத்திருக்கிறார் என்று தெரியாமல் போக்கர் ஆட முடியாது. வில்லையின் நிறம் அதை ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. ஆக, வில்லைக்கு ஒரு நேர்மையான வேலையும் இருக்கிறது. கணக்கைக் கண்ணுக்குக் காட்டுவது.

அவரே இன்னொரு வாதமும் வைத்தார், அதுதான் கடினமானது. "தர்மன் வில்லை வச்சா ஆடினான்? ஒவ்வொண்ணையும் பேர் சொல்லித்தானே வச்சான்? அப்பயும் தோத்தான்ல?" உண்மைதான். சபையில் தருமன் செல்வத்தை, நாட்டை, தம்பிகளை, தன்னை, கடைசியில் திரௌபதியை வெளிப்படையாகச் சொல்லியே பணயம் வைக்கிறான். எந்தக் குறியீடும் அவன் கண்ணை மறைக்கவில்லை. வள்ளுவர் சூது அதிகாரத்தில் வெற்றியையே மீன் விழுங்கும் தூண்டில் என்கிறார். ஆடுகிறவனை எண் காப்பாற்றாது என்பது நம் மரபுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் ஒரு வாரம் யோசித்தபோது வேறொன்று பிடிபட்டது. தருமன் பெயர் சொல்லி, வரிசையாக வைத்ததால்தான் திரௌபதியால் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது. முதலில் தன்னைத் தோற்றானா, என்னைத் தோற்றானா? சபையே பதில் சொல்ல முடியாமல் விழித்த கேள்வி அது. பணயங்கள் நெருப்புக்குச்சியாக இருந்திருந்தால் எந்தக் குச்சி தான், எந்தக் குச்சி அவள் என்று யாருக்குத் தெரியும்? குறி தெளிவாக இருப்பது ஆடுகிறவனுக்காக அல்ல. ஆட்டத்தில் உட்காராமல், அதன் விளைவை மட்டும் சுமக்கிறவர் கேள்வி கேட்பதற்காக.

தெளிவில்லாத வில்லை எங்கே போய் நிற்கும் என்பதற்குப் பக்கத்திலேயே சரித்திரம் இருக்கிறது. சயாமில் 19ஆம் நூற்றாண்டில் சூதாட்ட விடுதிகள் வெளியிட்ட பீங்கான் வில்லைகள் கடைத்தெருவுக்கே போய்ச் சில்லறையாகப் புழங்கின. 1870களில் அரசு தலையிட்டுத்தான் நிறுத்தவேண்டியிருந்தது. மேசையோடு நின்றிருக்க வேண்டிய குறி அரிசி வாங்கக் கிளம்பிவிட்டது.

*

ஆகவே என் பரிந்துரை இதுதான். எண் அச்சிடாத, இரும்பு இல்லாத, செராமிக் வில்லைகள் 300. அலுமினியப் பெட்டி வேண்டாம், பிளாஸ்டிக் டப்பா போதும். பத்துக் காசு 120, ஐம்பது காசு 96, ஒரு வெள்ளி 60, ஐந்து வெள்ளி 24. ஆளுக்கு இருபது பத்துக் காசு, பதினாறு ஐம்பது காசு, பத்து ஒரு வெள்ளி கொடுத்தால் கணக்காக இருபது வெள்ளி. ஐந்து வெள்ளி வில்லைகள் மறுபடி பணம் போடுகிறவர்களுக்கு. இருபது காசுக்குத் தனி வில்லை தேவையில்லை, இரண்டு பத்து போதும். நிறங்கள் குறைந்தால் தவறும் குறையும். 500 வில்லை செட்டை வாங்கவே வேண்டாம். மேசையில் இடம் இருந்தால் பணம் போடக் கை வரும்.

காசு, வெள்ளி என்று அச்சிட்ட செட் கடையில் இல்லை. பட்டர்வொர்த்தில் ஓர் அச்சுக்கடையில் வட்ட ஸ்டிக்கர் அடித்து நாங்களே ஒட்டினோம். தமிழ் எண்களைப் போடலாம், கெத்தாக இருக்கும் என்று தாதித் தோழி சொன்னாள். எனக்கும் ஒரு கணம் ஆசை வந்தது. பிறகு வேண்டாம் என்றேன். எங்கள் ஆறு பேரில் நான்கு பேருக்கு அது படிக்க வராது. படிக்க முடியாத எண் அழகாக இருந்தாலும் நெருப்புக்குச்சிதான். '10 காசு' என்றே போட்டோம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டிய தாள் வியர்வைக் கையில் ஓரம் கிளம்புகிறது. அந்த 'டங்' சத்தம் இல்லாதது லாரிக்கார நண்பனுக்கு இன்னும் வருத்தம். "ஆட்டம் மாதிரியே இல்ல, மளிகைக் கடை மாதிரி இருக்கு" என்கிறான். சரியான விமர்சனம். "எட்டாயிரம்" என்று சொன்ன வாய் "எட்டு வெள்ளி" என்று சொல்லும்போது ஏதோ ஒன்று இறங்கிவிடுகிறது. சாப்பாடு கொண்டுபோகும் நண்பன் போன சனிக்கிழமை இரண்டு முறை பணம் போட்டான். மூன்றாவது முறை பர்ஸை எடுத்து, பார்த்துவிட்டு, திரும்ப வைத்தான். அடுத்த வாரம் என்ன செய்வான் என்று சொல்ல முடியாது.

ஸ்டிக்கர் ஒட்டியது எங்கள் வீட்டு வரவேற்பறையில். அம்மா வந்து ஒரு வில்லையை எடுத்து, விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்தார். கண்ணாடி போடாததால் கொஞ்சம் நேரம் பிடித்தது. "ஒண்ணு எவ்வளவு?" என்று இந்த முறை அவர் கேட்கவில்லை. படித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, "மொத்தம் எத்தனை பேருடா?" என்றார்.