சுமார், தேறும், ஒருக்கா பாக்கலாம்

2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் திரையரங்குக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: மைக்கும் கேமராவுமாக வாசலில் நின்று ‘படம் எப்படி?’ என்று ரசிகனைக் கேட்பவர்களை வளாகத்துக்குள் விடாதீர்கள். ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ ஆகியவை அந்த முதல் காட்சிக் கருத்துகளால் அடிவாங்கின என்பது அவர்கள் கணக்கு. முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று வழக்கும் போனது. சென்னை உயர் நீதிமன்றம் அடுத்த மாதம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. வியாபாரிகள் வியாபாரம் பேசினார்கள், அதில் வியக்க ஒன்றுமில்லை. இலக்கியப் பத்திரிகைகளில் எழுதுபவர்களும் கொஞ்ச நாளாக அதே பாட்டை வேறு ராகத்தில் பாடுகிறார்கள் என்பதுதான் வியப்பு. கைப்பேசி உள்ளவரெல்லாம் விமர்சகராகிவிட்டார்களாம். அதனால் திரை விமர்சனம் செத்துவிட்டதாம்.

செத்தது என்றைக்கு உயிரோடு நடமாடியது?

1931இல் ‘காளிதாஸ்’ பேசத் தொடங்கிய சில வருடங்களிலேயே கல்கி விகடனில் படங்களைக் கிழித்துத் தொங்கவிட்டார். கிண்டலில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் 1939இல் அவர் கதையே கே. சுப்ரமணியத்தின் ‘தியாகபூமி’ ஆனபோது விமர்சகர் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். புதுமைப்பித்தனும் அதே வாசல் வழியாகத்தான் போனார்; 1948இல் அவர் காலமானபோது கையில் இருந்தது சினிமா வேலை. நாற்பதுகளில் ‘பேசும் படம்’ வந்தது, பின்னர் ‘குண்டூசி’ வந்தது. ‘சினிமா தூது’ நடத்திய லட்சுமிகாந்தன் 1944இல் கொலையுண்டு, அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் சிறைக்குப் போனார்கள். சினிமாப் பத்திரிகை என்றால் என்ன என்பதை அந்தக் காலம் அப்படித்தான் முடிவு செய்தது: நட்சத்திரத்தின் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது. பார்வையாளனுக்குக் கிடைத்த இடம் கேள்வி பதில் பக்கம் மட்டும். அதிலும் கேள்விதான் அவனுடையது.

எழுபதுகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் நம் ஆட்களுக்குக் கண் பனித்துவிடும். திரைப்படச் சங்கங்கள், சிறுபத்திரிகைகள், வெங்கட் சாமிநாதன் எழுதி ஜான் ஆபிரகாம் எடுத்த ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977). எல்லாம் சரிதான். ஆனால் அந்த மரபு நமக்கு விட்டுச்சென்ற ஒரு வழக்கத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பெர்க்மனைப் பற்றி மெய்மறந்து எழுதும் பேனா, தமிழ்ப் படத்துக்கு வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்ளும். படத்தைப் பழித்ததோடு நிற்கவில்லை, பார்த்தவனையும் சேர்த்துப் பழித்தார்கள். தரை டிக்கெட்காரன் விசிலடிப்பான், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும் என்பது அவர்கள் முடிவு.

அவனிடம் போய்க் கேட்டவர்கள் யார் என்று தேடினால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. எண்பதுகளின் நடுவில் மதுரையில் தங்கி, ஏழைகள் எந்தப் படத்தை ஏன் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு என்ன பேசுகிறார்கள் என்று குறித்துக்கொண்டவர் சாரா டிக்கி என்ற அமெரிக்க மானிடவியலாளர். புத்தகம் 1993இல் ஆங்கிலத்தில் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி அந்த மக்களின் வேளாண் வாழ்வை ‘குரூக்கட் ஸ்டாக்ஸ்’ (2009) என்று எழுதிய ஆனந்த் பாண்டியன், பிறகு தமிழ் சினிமா உருவாகும் விதத்தை ‘ரீல் வேர்ல்ட்’ (2015) ஆக்கினார். அதுவும் ஆங்கிலம். எம்.ஜி.ஆர். பிம்பத்தை அறுத்துப் பார்த்த எம்.எஸ்.எஸ். பாண்டியனின் நூலும், தேசிய விருது வாங்கிய தியடோர் பாஸ்கரனின் ‘தி ஐ ஆஃப் த சர்ப்பன்ட்’டும் அப்படியே. தமிழ்ப் பார்வையாளனைப் பற்றி உருப்படியாக அறிய விரும்பும் தமிழன் ஆங்கிலம் படிக்க வேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் மயிலாடும்பாறைக்காரர் ஒருவரின் பேச்சை இங்கே கொண்டுவருகிறேன். மூல வைகைக் கரையில், வருசநாட்டுக்கும் கடமலைக்குண்டுக்கும் நடுவில் இருக்கும் ஊர். ஆண்டிபட்டித் தொகுதியில் சேர்ந்தது. 1984இல் அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்த எம்.ஜி.ஆரை, வீடியோவில் காட்டப்பட்ட உருவத்தை நம்பி ஜெயிக்க வைத்த தொகுதி. திரையில் பார்ப்பதை எடை போடத் தெரியாதவர்கள் என்று இவர்களைச் சொல்வது எளிது. பலர் சொல்லியும் இருக்கிறார்கள்.

அவருக்கு ஐம்பதுக்கு மேல். இளவயதில் இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டக் கூலிக்குப் போனவர், இப்போது இலவம்பஞ்சுக் காலத்தில் பஞ்சு வேலை, மற்ற நாளில் தோப்பு வேலை. படம் பார்ப்பதெல்லாம் மகன் வாங்கிக் கொடுத்த கைப்பேசியில். சமீபத்தில் பார்த்ததைப் பற்றிக் கேட்டேன்.

“‘மைனா’வா? மலை நல்லா இருக்கு தம்பி. ஆனா மேட்டுல ஓடுறவன் மூச்சு வாங்காம அம்புட்டு வசனம் பேச மாட்டான்.” ‘மாமனிதன்’: “ஆட்டோக்காரன் நிலத்து யாவாரத்துல மாட்டுறது நம்ம பக்கம் நடக்குறதுதான். அவன் ஊரைவிட்டுப் போனது வரைக்கும் சரி. காசிக்கு எதுக்குப் போனான்னுதான் வெளங்கல.” ‘கடைசி விவசாயி’ அவருக்குப் பிடித்திருந்தது. செத்த மயில்களைப் புதைத்த கிழவர் மேல் வழக்குப் பாயும் இடத்தில் மட்டும் ஒரு கணக்கு மிச்சமிருந்தது. “மயிலு செத்தா கேசு. மயிலு வந்து வெள்ளாமையத் திங்குதே, அதுக்கு எவன் மேல போய்க் கேசு போடுறது?”

அந்தப் படத்துக்கு வந்த எத்தனையோ பாராட்டுரைகளில் நான் படித்தவரை இந்தக் கேள்வி இல்லை. எல்லாரும் கிழவர் மாயாண்டியின் வெள்ளந்தித்தனத்தில் மனம் கரைந்தார்கள். நடித்த நல்லாண்டிக்கு தேசிய விருதுக் குழு சிறப்புக் குறிப்பும் தந்தது, மிகவும் தகும். ஆனால் மணிகண்டனின் படம் மயிலை முருகனின் பக்கம் நகர்த்தி விவசாயியின் எரிச்சலை மென்மையாக மூடிவிடுகிறது என்பதை இந்த மனிதர்தான் ஒரே மூச்சில் சொன்னார்.

பிறகு ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. லெனின் பாரதி எடுத்து 2018 ஆகஸ்டில் வந்த படம். காணி நிலம் வாங்கத் துடிக்கும் சுமைகாரன் ரங்கசாமி, சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கிய ஏலக்காய் மூட்டை மலையிலிருந்து உருண்டு போகும். “மூட்டை உருண்டுச்சு பாருங்க, அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் நான் படம் பாக்கல தம்பி. கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன். எத்தனை கிலோ இருக்கும், அன்னைக்கு வெலை என்ன, அந்த நட்டத்தை அடைக்க இன்னும் எத்தனை நடை சொமக்கணும்னு.”

படம் செய்ய விரும்பியது அதைத்தான். அழ வைக்கும் இசையைக் கூட்டாமல், இளையராஜாவைக்கூட அடக்கி வைத்துக்கொண்டு, தேனி ஈஸ்வரின் கேமராவைத் தள்ளி நிறுத்தி, பார்ப்பவனைக் கணக்குப் போட விட்டிருக்கிறார்கள். கடைசியில் ரங்கசாமி தன்னுடையதாக இருந்த நிலத்திலேயே காற்றாலைக்குக் காவலாளியாக உட்காரும்போது அந்தக் கணக்கு முடிகிறது. இதை விளக்க ஒரு கோட்பாட்டாளர் பத்துப் பக்கம் எடுத்துக்கொள்வார்.

ஊர்க்காரன் சொல்வதெல்லாம் வேதம் என்று நான் சொல்ல வரவில்லை. நிலம் தெரிந்தவனுக்கு மட்டுமே படம் புரியும் என்றால் ‘16 வயதினிலே’யை என்ன செய்வது? விகடன் 62½ மதிப்பெண் போட்ட படம், மண்வாசனை என்ற புகழ்ச்சியே அதற்குப் பிறகுதான் தேய்வழக்கானது. அது எடுக்கப்பட்டது கர்நாடகத்துக் கொள்ளேகாலில். அல்லிநகரத்து பாரதிராஜா அங்கே கொண்டுபோனது பேச்சையும் பார்வையையும் பரட்டையின் வக்கிரத்தையும்தான். அது போதுமாக இருந்தது. அதே பாரதிராஜா தேனிக்கே திரும்பி எடுத்த ‘அன்னக்கொடி’ (2013) வாடிப்போன படம். சொந்த மண் கைகொடுக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. மூட்டையின் எடையைக் கிலோவில் கணக்குப் போட்டவர், அந்த மலையில் யார் சுமக்கிறார்கள், யார் தோட்டம் வைத்திருக்கிறார்கள், என்ன சாதி என்று பேச்சு திரும்பியதும் டீயைக் குடித்து முடித்துவிட்டார். வேலை தெரிந்த கண்ணுக்கு எல்லாம் தெரிந்துவிடாது. சில விஷயங்களைத் தெரிந்துகொண்டே பார்க்காமலும் இருக்கும்.

ஆனாலும் அவர் பேச்சில் யாரோ சொல்லிக்கொடுத்த ஒரு சொல்கூட இல்லை. வாசல் மைக்கில் ஒலிப்பது வேறு. ‘ஃபர்ஸ்ட் ஹாஃப் செம, செகண்ட் ஹாஃப் லேக், இன்டர்வல் பிளாக் தெறி, பிஜிஎம் வேற லெவல், பேமிலி ஆடியன்ஸுக்கு செட் ஆகாது.’ கோவையில் கேட்டாலும் கடலூரில் கேட்டாலும் எழுத்து மாறாது. பார்வையாளன் விமர்சகனாகிவிட்டதன் அடையாளமாம் இது. கூர்ந்து கேளுங்கள்: இது விநியோகஸ்தர் பேச்சு. எந்த சென்டரில் ஓடும், யாருக்கு ‘செட்’ ஆகும் என்ற கவலை படம் வாங்குபவனுடையது, பார்ப்பவனுடையது அல்ல. வசூலைப் போஸ்டரில் அடித்து, பட்ஜெட்டை மேடையில் முழங்கி, இருபது வருடமாக இந்த மொழியை ரசிகனுக்குப் பழக்கியது தயாரிப்புத் தரப்புதான். அவன் அதைத் திருப்பி அவர்களிடமே பேசியபோது நீதிமன்றத்துக்கு ஓடினார்கள்.

ஆக, கருத்துச் சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள் என்ற புலம்பலில் எனக்கு ஒப்புதல் இல்லை. எல்லாரும் ஒரே கருத்தை ஒரே சொற்களில் சொல்கிறார்கள் என்பதே நோய். மருந்து இன்னும் கனமான கோட்பாட்டுக் கட்டுரையும் அல்ல. நம் பத்திரிகைகள் திரை இதழ் என்று வருடத்துக்கு ஒரு சிறப்பிதழ் போடுகின்றன. வழக்கமான பத்துப் பேர் வழக்கமான பத்து இயக்குநர்களைப் பற்றி எழுதுகிறார்கள். ‘தென்மேற்குப் பருவக்காற்’றைப் பற்றி ஆண்டிபட்டிப் பக்கத்துக் கிடை ஆட்டுக்காரர் ஒருவரிடமும், பாஸ்கர் சக்தி கதையிலிருந்து வந்த ‘அழகர்சாமியின் குதிரை’யைப் பற்றி ஒரு கோயில் பூசாரியிடமும் கேட்டு, வெட்டாமல் ஒட்டாமல் அச்சிட்ட ஒரு பக்கத்தை நான் பார்த்ததில்லை. அவர்கள் தவறாகவும் பேசுவார்கள், சாதி விட்டும் பேச மாட்டார்கள். அந்தத் தவற்றோடு மல்லுக்கட்டத்தான் விமர்சகர் வேண்டும்.

மூன்று நாள் விமர்சனத் தடை வந்திருந்தால் பயன் அடைந்திருப்பவை மூன்று நாளில் போட்டதை எடுத்துவிடத் திட்டமிட்ட படங்கள் மட்டுமே. ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ போன்ற ஒன்றுக்கு விளம்பரப் பணமும் இல்லை, ஆயிரம் திரையும் இல்லை. பார்த்தவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் அன்றைக்கே சொன்னால்தான் அது வெள்ளி தாண்டித் திங்கள்வரை தியேட்டரில் இருக்கும்.