மூளையின் நெகிழ்திறனும் தேர்ச்சி பெறாதோரும்: லண்டன் டாக்சி ஓட்டுநர் ஆய்வுகள் – ஒரு மறுவாசிப்பு

வளர்ந்தோரின் மூளையும் அனுபவத்தால் மாறும் என்பதற்குப் பெரும்பாலும் காட்டப்படும் சான்று லண்டன் டாக்சி ஓட்டுநர்களே. எலனோர் மகுவயரும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ‘உழைப்பவர் மூளை வளரும்’ என்ற ஒற்றைக் கருத்தாகச் சுருங்கி, கல்வியியல் நூல்களிலும் மேடைகளிலும் வழங்கிவருகிறது. இச்சுருக்கத்தில் இருவேறு வினாக்கள் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன. ஒருவருடைய மூளை காலப்போக்கில் மாறுகிறதா என்பது முதல் வினா. ஒருவருக்கும் மற்றொருவருக்கும் இடையிலுள்ள திறன் வேறுபாட்டுக்கு மூளையின் அளவு காரணமாகிறதா என்பது இரண்டாவது. முதலாவதற்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் உரியதாகக் கொள்வதிலேயே பிழை தொடங்குகிறது.

லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் பெறுவோர் ‘தி நாலெட்ஜ்’ எனப்படும் தேர்வில் வெற்றி பெற வேண்டும். சேரிங் கிராஸைச் சுற்றி ஏறத்தாழ ஆறு மைல் வட்டத்துக்குள் அமைந்த 25,000 தெருக்களையும் ஆயிரக்கணக்கான இடங்களையும் நினைவில் இருத்துவது அத்தேர்வின் தேவை. 2000ஆம் ஆண்டு ஆய்வு, உரிமம் பெற்ற 16 ஆண் ஓட்டுநர்களின் மூளைப் படிமங்களை டாக்சி ஓட்டாத 50 ஆண்களின் படிமங்களோடு ஒப்பிட்டது. ஓட்டுநர்களிடம் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாகவும் முன்பகுதி சிறிதாகவும் இருந்தன. வலப்புறப் பின்பகுதியின் அளவு, தொழிலில் கழித்த காலத்தோடு ஒட்டுறவு கொண்டிருந்தது. ஆயினும் இஃது ஒரே வேளையில் எடுக்கப்பட்ட ஒப்பீடு. இயல்பிலேயே அத்தகைய மூளை வாய்த்தோர் இத்தொழிலை நாடினர் என்ற மாற்று விளக்கத்தை அதனால் முற்றிலும் விலக்க இயலவில்லை.

அடுத்து 2006இல் வெளிவந்த ஒப்பீடு நுட்பமானது. வண்டி ஓட்டுதல், அதன் மனவழுத்தம், பயணிகளைக் கையாளுதல் ஆகியன பேருந்து ஓட்டுநர்க்கும் உண்டு. ஆனால் அவர்தம் வழித்தடம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. டாக்சி ஓட்டுநர்க்கும் பேருந்து ஓட்டுநர்க்கும் இடையே ஹிப்போகாம்பஸில் வேறுபாடு தென்பட்டதால், காரணம் ஓட்டுதலில் இல்லை, இடவறிவில் உள்ளது என்ற கருத்து வலுப்பெற்றது. அதே ஆய்வில், ஒரு சிக்கலான வரைபடத்தைப் பார்த்துச் சிறிது நேரம் கழித்து நினைவிலிருந்து வரையும் சோதனையில் டாக்சி ஓட்டுநர்கள் பின்தங்கினர். ஒன்றைப் பெறுவதில் மற்றொன்று குறையக்கூடும் என்ற இச்செய்தியை உழைப்பின் புகழ் பாடுவோர் எவரும் எடுத்துரைப்பதில்லை என்பது வியப்புக்குரியது.

காரண விளைவுத் தொடர்பைத் தெளிவாக்கியது, கேத்தரின் வூலெட்டும் மகுவயரும் 2011இல் வெளியிட்ட நெடுங்கால ஆய்வு. பயிற்சியின் தொடக்கத்திலும், மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரும் அளவீடுகள் செய்யப்பட்டன. தொடக்கத்தில், பின்னாளில் தேர்ச்சி பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் ஒப்பீட்டுக் குழுவினர்க்கும் இடையே ஹிப்போகாம்பஸில் வேறுபாடு இல்லை. இறுதியில் தேர்ச்சி பெற்றோரிடம் மட்டுமே பின்பகுதி பெருகியிருந்தது. மூளை மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

எனினும் தேர்ச்சி பெறாதோரும் பயிற்சி பெற்றவர்களே. அவர்களிடம் மாற்றம் தென்படாததற்கு விளக்கம் யாது? தேர்ச்சி பெற்றோர் வாரந்தோறும் பயிற்சியில் செலவிட்ட நேரம் மற்றவரினும் ஏறத்தாழ இருமடங்கு. இதனை ஊக்கக் குறைவு என உடனே தீர்ப்பிடுதல் பொருந்தாது. பயிற்சிக் காலத்திலும் பிழைப்புக்கு வேறு வேலை பார்க்க வேண்டியவரால், முழுநேரமும் பயில வாய்ப்புள்ளவரைப் போல நேரம் ஒதுக்க இயலாது. மாறும் திறனே ஆளுக்கு ஆள் பிறப்பிலேயே வேறுபடக்கூடும் என்பதையும் ஆய்வாளர்கள் மறுக்கவில்லை. நேரமா, இயல்பா, வாழ்க்கைச் சூழலா என்பதைப் பிரித்தறியும் வகையில் அவ்வாய்வு அமைக்கப்படவில்லை. அதனிடம் அவ்விடையைக் கோருவதும் முறையன்று.

இரண்டாம் வினாவுக்கு 2019இல் ஸ்டீவன் வைஸ்பெர்க், நோரா நியூகோம், அஞ்சன் சாட்டர்ஜி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு நேரடியாகப் பொருந்துகிறது. சிறப்புப் பயிற்சி பெறாத 90 பேர் கணினி உருவாக்கிய ஒரு நகர்ப்புறத்தில் வழிகளைக் கற்றனர். அவர்களுள் வழியறியும் திறன் மிக்கோர்க்கு ஹிப்போகாம்பஸ் பெரிதாக இருக்கவில்லை. கடும் பயிற்சியால் ஒருவரிடம் நேரும் மாற்றத்தைக் கொண்டு, சாதாரண மாந்தரிடையே உள்ள வேறுபாட்டை விளக்க முடியாது என்பதை இது காட்டுகிறது.

தமிழில் வழங்கும் ‘நெகிழ்திறன்’ என்ற சொல் ஒருவகையில் இப்பொருளுக்கு ஏற்றதே. நெகிழ்தலில் இளகுதல் உண்டு, தளர்தல் உண்டு. பெருகுதல் என்ற பொருள் இல்லை. ‘வளர்ச்சி’ என்று மொழிபெயர்ப்போரே ஆய்வு சொல்லாததைச் சொல்லுக்குள் ஏற்றிவிடுகின்றனர். பாடநூல்களிலும் ஆசிரியர் பயிற்சியிலும் இச்சொல்லாட்சி நிலைபெறுமாயின், தேர்வில் தோற்ற மாணவரின் மூளை வளரவில்லை என்ற முடிவு எளிதில் பின்தொடரும்.

2011ஆம் ஆண்டு ஆய்வில் பயிற்சியாளராகச் சேர்ந்தோர் 79 பேர். அவருள் 39 பேர் தேர்ச்சி பெற்றனர். எஞ்சிய 40 பேரில் இரண்டாம் அளவீட்டுக்கு வந்தோர் 20 பேர் மட்டுமே. ஏனைய 20 பேரின் மூளையில் அவ்வாண்டுகளில் யாது நிகழ்ந்தது என்பதற்குப் பதிவு ஏதும் இல்லை.