ஞானப்பள்ளும் அறுவடை நன்றியும்

போர்த்துக்கேயர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் எழுந்த கத்தோலிக்கப் பிரபந்தமாகிய ஞானப்பள்ளு, சமயம் பரப்பும் நூலென்ற அளவிலேயே பெரும்பாலும் நோக்கப்படுகின்றது. அதன் ஆசிரியர் பள்ளு வடிவைத் தேர்ந்தமையே ஆராயத்தக்கது. அந்தாதியோ கலம்பகமோ பாடியிருப்பின் இறைபுகழ் கற்ற புலவரின் கூற்றாகவே நின்றிருக்கும். பள்ளில் அது சேற்றில் நிற்பவர் கூற்றாகின்றது. மழை வேண்டுபவரும் அவரே; விளைவு கண்டு மகிழ்பவரும் அவரே. இயேசுநாதர் பாட்டுடைத் தலைவரானபோது, விளைச்சலுக்கு நன்றி கூறும் முதலுரிமை நிலமற்ற உழவருக்கு வாய்த்தது.

ஆயினும் மனைவியர் இருவரும் செருசலைப் பள்ளி, உரோமாபுரிப் பள்ளி எனக் குறியீடுகளாகுமிடத்து வயல் மங்கிவிடுகின்றது. முக்கூடற்பள்ளின் ஏசலிலும் சைவ வைணவப் பூசல் உண்டு. ஆனால் அங்கே ஏசுவோர் பெண்களாகவே இருக்கின்றனர்.

லேவியராகமத்தின் 23ஆம் அதிகாரம் முதற்கதிர்க்கட்டை இறைவனுக்குப் படைக்கச் சொல்கின்றது. யாழ்ப்பாணத்துப் புதிரெடுப்பும் அதற்கு அயலானதன்று. அதே அதிகாரம் வயலின் ஓரத்தை முற்ற அறுக்காது எளியவர்க்கும் அந்நியர்க்கும் விடவேண்டுமென்றும் விதிக்கின்றது. இரண்டும் சேர்ந்ததே விவிலியம் கூறும் அறுவடை நன்றி. பள்ளு மரபில் அவ்வோரத்தை நினைவூட்டுவது, நெல் அளந்தபின் பங்கு கிட்டாத மூத்தபள்ளி எழுப்பும் முறையீடு. ஞானப்பள்ளைத் துதிநூலாக மட்டும் கொள்வோர் இம்மரபை மறந்துவிடுகின்றனர். வயலற்ற பொரளையில் கடையரிசியைப் பொங்கலிட்டு இறைவனைப் போற்றும் கிறிஸ்தவர்க்கோ, அறுத்தவர் எவரென்று கேட்கும் குரல் பள்ளிலன்றி வேறெங்கும் எளிதிற் கிட்டாது.